அம்மாவைக் கேட்டீர்களா?

கேள்வி: பண்ருட்டிக்கும் நெல்லிக்குப்பத்துக்கும் நடுவில் எங்களுக்கு மூன்றே முக்கால் ஏக்கர் இருக்கிறது. பாதியில் பலாவும் முந்திரியும், மீதியில் நெல்லும் மல்லாட்டையும் (நிலக்கடலை). எனக்கு வயது 33. புதுச்சேரியில் யோகா சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன், இப்போது ஊருக்கே வந்துவிட்டேன். மாதம் ஒருமுறை 20 பேரை அழைத்து ஐந்து நாள் முகாம் நடத்த ஆசை. காலையில் யோகா, பிற்பகலில் சூழலியல் போராட்டப் பயிற்சி, கடைசி நாள் கடலூர் சிப்காட் தொழிற்பேட்டைப் பக்கமும் நெய்வேலிச் சுரங்கப் பக்கமும் வேனில் அழைத்துப்போவது. வெளிநாட்டுக்காரர்களும் கேட்கிறார்கள். கட்டணம் என்று சொல்லாமல் நன்கொடையாக வாங்கலாம் என்று எண்ணம். "ஊர்ல என்ன பேசுவாங்க" என்கிறார் அப்பா. "போலீஸ் வந்து நிக்கும், நிலத்துல எனக்கும் பங்கு இருக்கு" என்கிறான் அண்ணன். அம்மா எதுவும் சொல்லவில்லை. செய்யலாமா? முன்பணம் வாங்கலாமா? நோட்டீஸ் மாதிரியை இணைத்திருக்கிறேன்.
– பெயர் வேண்டாம், கடலூர் மாவட்டம்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

செய்யலாம். ஆனால் நோட்டீஸில் இருக்கிறபடி செய்யாதீர்கள்.

கடிதத்தில் "எதுவும் சொல்லவில்லை" என்று ஒரே வரியில் முடிந்துபோன அம்மா, நோட்டீஸில் மட்டும் கொட்டை எழுத்தில் வருகிறார்: "அம்மாவின் கைமணத்தில் மூன்று வேளையும் பாரம்பரிய உணவு." 20 பேர், மூன்று வேளை, ஐந்து நாள் என்றால் 300 இலை. நடுவில் சுக்குக் காபி, சாயங்காலச் சுண்டல், "எனக்குப் பூண்டு ஆகாது", "நான் பால் சேர்க்கிறதில்ல" எல்லாம் தனி. இது மாதாமாதம். அவரைக் கேட்டீர்களா? நம் வீடுகளில் அம்மா பேசாமல் இருந்தால் சம்மதம் என்று எடுத்துக்கொள்வது பழைய பழக்கம். பூமியைக் காப்பாற்றக் கூடுகிற முகாமில் அதே பழக்கம் தொடர்ந்தால் எனக்கு அது வேடிக்கையாகத்தான் படுகிறது. உங்கள் மாவட்டத்திலேயே வடலூரில் 1867-இல் மூட்டிய தருமசாலை அடுப்பு இன்னும் அணையவில்லை. அதற்குப் பின்னால் எத்தனை கை வேலை செய்கிறது என்று ஒருநாள் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். உங்கள் வீட்டில் இருப்பது ஒரே ஒரு அம்மா.

ஊரில் கல்யாணச் சமையலுக்குப் போகிறவர்கள் இருப்பார்கள். ஒரு சமையல் ஆளும் ஒரு கையாளும் கூலிக்கு வைத்துக்கொள்ளுங்கள். மேற்பார்வை அம்மாவுடையது என்றால் அதற்கும் ஒரு தொகை, அவர் பெயரில் உள்ள வங்கிக் கணக்கில். அவருக்கு இது பிடிக்கவில்லை என்றால் நோட்டீஸில் இருந்து அந்த வரியை எடுத்துவிடுங்கள். காசு கொடுத்துச் சாப்பாடு போடுகிறபோது உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவும் வேண்டும், அதை இணையத்திலேயே செய்துவிடலாம்.

அடுத்தது, நான் முக்கியமாகச் சொல்ல நினைப்பது. யோகாவையும் போராட்டத்தையும் ஒரே ஐந்து நாளில் போட்டுக் குழப்பாதீர்கள்.

சென்னையில் இருந்தும் பெங்களூரில் இருந்தும் வருகிறவர் தூக்கம் கெட்டு, கழுத்து வலித்து, போனை அணைத்து வைக்க ஓர் இடம் தேடி வருகிறார். அதில் தப்பில்லை. அவரிடம் பணம் இருக்கிறது, அவருக்கு வேண்டியது உங்களிடம் இருக்கிறது. குடிகாட்டில் இருந்தோ ஈச்சங்காட்டில் இருந்தோ ஒரு அம்மா வந்தால் அவர் கேள்வி வேறு: "ராத்திரி கம்பெனி நாத்தம் தாங்கல, யார்கிட்ட எழுதிக் கொடுக்கறது?" அவர் ஒருநாள் கூலியை விட்டுவிட்டு வருகிறவர். இரண்டு பேரையும் ஒரே பந்தலில் உட்கார வைத்தால் முதலாமவருக்கு அது கதையாகப் போகும், இரண்டாமவர் காட்சிப்பொருள் ஆகிவிடுவார். உங்கள் கட்டணத்தில் அந்த அம்மா வரவே முடியாது என்பது வேறு விஷயம். பாதிக்கப்பட்டவர் இல்லாமல் அங்கே யாருக்குப் பயிற்சி?

வேன் பயணத்தை முதலில் கைவிடுங்கள். சிப்காட்டைச் சுற்றியுள்ள ஊர்க்காரர்கள் 2004-இலேயே தாங்களே காற்றுக் கண்காணிப்பாளர்களாகி, எந்த நேரத்தில் என்ன நாற்றம் என்று நோட்டில் குறித்து, வாளி மாதிரி ஒரு எளிய கருவியில் காற்றைப் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்பியவர்கள். 2023 ஜூலையில் நெய்வேலிச் சுரங்கத்துக்காக வளையமாதேவியில் நெற்பயிர் நின்ற வயலில் கால்வாய் வெட்ட இயந்திரம் இறங்கியபோது அந்தப் பயிரை இழந்தவர்கள் இன்றும் அங்கேதான் இருக்கிறார்கள். தொப்பி போட்ட 20 பேர் வேனில் இருந்து இறங்கிப் படம் எடுத்துக்கொண்டு போனால் அவர்களுக்கு என்ன கிடைக்கும்? அவர்கள் கூப்பிட்டால் போங்கள். இல்லாவிட்டால் அவர்களை உங்கள் இடத்துக்குக் கூப்பிட்டு, பஸ் காசும் சாப்பாடும் கொடுத்து, அவர்களையே பாடம் எடுக்கச் சொல்லுங்கள்.

ஆக, ஆண்டில் நான்கைந்து யோகா முகாம், முறையான கட்டணத்தோடு. அதில் மிஞ்சுவதில் ஒரு பங்கை வைத்து உள்ளூர் ஆட்களுக்கு இலவசமாக ஒருநாள் கூட்டம். இதற்கு நாள் தேடி அலைய வேண்டாம். தமிழ்நாட்டில் கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ஒவ்வொன்றுக்கும் முந்தின ஞாயிறு உங்கள் பலா மரத்தடியில் உட்காருங்கள். தீர்மானம் எப்படி எழுதுவது, அதைப் பதிவேட்டில் ஏற்றவைப்பது எப்படி, பத்து ரூபாய்க் கட்டணத்தில் தகவல் அறியும் மனு போடுவது எப்படி என்று ஆரம்பிக்கலாம். பெரிய திட்டம் ஏதாவது வந்தால், 2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி மக்கள் கருத்துக் கேட்புக்குக் குறைந்தது 30 நாள் முன்னறிவிப்பு கொடுக்க வேண்டும், அறிக்கையின் சுருக்கம் தமிழிலும் இருக்க வேண்டும். அந்தச் சுருக்கத்தைச் சேர்ந்து உட்கார்ந்து வாசிப்பதே ஒரு நாள் வேலை. கூட்டத்துக்கு ஊர்க்காரர்களைச் சொல்லிவிட்டுக் காலனிக்காரர்களை மறந்துவிடாதீர்கள். ஒரே பந்தி, ஒரே டம்ளர். அப்பா சொல்கிற "ஊர் பேச்சு" அங்கேதான் முதலில் கிளம்பும், தயாராக இருங்கள்.

இரண்டையும் ஒருவரே செய்ய முடியாது என்று நான் சொல்லவில்லை. நம்மாழ்வார் கரூர் மாவட்டத்தில் வானகம் பண்ணையை நிறுவி இயற்கை வேளாண்மை சொல்லிக்கொடுத்தார். அதே மனிதர்தான் காவிரி டெல்டாவில் மீத்தேன் திட்டத்துக்கு எதிராகவும் ஊர் ஊராகப் போனார். 2013 டிசம்பரில் பட்டுக்கோட்டைப் பக்கம் அவர் இறந்தபோதும் அந்த வேலையில்தான் இருந்தார். ஆனால் ஒன்று பண்ணையில் நடந்தது, மற்றது பாதிப்பு வரப்போகிற ஊரில் நடந்தது.

அண்ணனுடைய போலீஸ் பயத்துக்கு வருகிறேன். சொந்த நிலத்தில் பத்துப் பேர் உட்கார்ந்து சட்டம் படிப்பதற்குப் பயப்பட வேண்டியதில்லை. பயப்பட வேண்டிய இடம் உங்கள் "நன்கொடை" யோசனை. வெளிநாட்டு நிதி ஒழுங்குமுறைச் சட்டம், 2010 என்று ஒன்று இருக்கிறது. சமூக வேலைக்கென்று வெளிநாட்டவரிடம் நன்கொடை வாங்க மத்திய உள்துறையில் பதிவு வேண்டும். இங்கே பிறந்து வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கியவர் கொடுத்தாலும் அது வெளிநாட்டுப் பணம்தான். யோகா வகுப்புக்கும் தங்குவதற்கும் ரசீது போட்டு வாங்குகிற கட்டணம் இதில் வராது. மனசு விரும்பிக் கொடுப்பதை வாங்குவது அழகாகத்தான் இருக்கும், ஆனால் போராட்டம் என்ற சொல்லும் நன்கொடை என்ற சொல்லும் வெளிநாட்டுப் பெயரும் ஒரே நோட்டீஸில் இருந்தால் அண்ணன் சொன்னது நடந்துவிடும். எனவே கட்டணம், ரசீது, கணக்கு. இந்த வருமானம் விவசாய வருமானம் ஆகாது, வருமான வரிக் கணக்கில் தனியாகக் காட்ட வேண்டும்.

சுற்றுலா விசாவில் வருகிறவர் குறுகிய கால யோகா வகுப்பில் சேரலாம், அதற்கு இடமிருக்கிறது. ஆர்ப்பாட்டத்துக்கு இடமில்லை. 2012-இல் கூடங்குளம் போராட்ட நேரத்தில் நாகர்கோவிலில் தங்கியிருந்த ஒரு ஜெர்மானியரைத் திருப்பி அனுப்பினார்கள், நினைவிருக்கலாம். வெளிநாட்டவர் ஒரு ராத்திரி தங்கினாலும் 24 மணி நேரத்துக்குள் அவருடைய விவரத்தை அரசு இணையதளத்தில் ஏற்ற வேண்டும். முதல் வருடம் நம் ஆட்களை மட்டும் அழைத்துப் பழகிக்கொள்ளுங்கள் என்பது என் கருத்து.

இனி பண்ணை. மாதம் ஒன்று என்பதை நிலமே ஒத்துக்கொள்ளாது. அக்டோபர் பாதியில் இருந்து டிசம்பர் முடியும்வரை கடலூரில் முன்பதிவு வாங்குவது சூதாட்டம். 2011 டிசம்பர் 30-இல் வந்த தானே புயல் பண்ருட்டிப் பக்கம் பலாவையும் முந்திரியையும் என்ன செய்தது என்று உங்கள் அப்பாவிடம் நான் சொல்ல வேண்டியதில்லை. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் வந்தபோதும் தென்பெண்ணை ஊருக்குள் வந்தது. மார்ச் முதல் முந்திரி, அப்புறம் பலா என்று வீட்டில் யாருக்கும் கை ஓயாது, வெயிலும் தாங்காது. உங்களுக்கு நல்ல காலம் பொங்கல் கழிந்து மார்ச் முதல் வாரம் வரை. புதுச்சேரியில் ஜனவரி 4 முதல் 7 வரை யோகா விழா நடக்கிறதே, அங்கே வருகிறவர்களிடம் சொல்லி வையுங்கள், கூட்டம் தானாக வரும். பலா பழுக்கிற ஜூனில் ஒரு சின்ன முகாம் வைக்கலாம், பழம் சாப்பிடவே வருவார்கள்.

வருகிறவர்களைப் பண்ணை வேலையில் சேர்ப்பது நோட்டீஸில் நன்றாக இருக்கிறது. நடப்பது என்னவென்றால், களை எடுக்கச் சொன்னால் மல்லாட்டைச் செடியையும் சேர்த்துப் பிடுங்குவார்கள். மூடாக்குப் போட, தென்னை மட்டை இழுக்க, விதை பிரிக்க விடுங்கள். முந்திரிக்கொட்டை உடைக்க மட்டும் விடாதீர்கள். அந்தப் பால் பட்டால் தோல் வெந்துவிடும் என்று உங்களுக்குத் தெரியும், அவர்களுக்குத் தெரியாது.

20 பேர் வேண்டாம், எட்டுப் பேர் போதும். மத்திய அரசின் வீட்டுத்தங்கல் திட்டமே ஆறு அறை, 12 படுக்கையோடு நிறுத்திக்கொள்கிறது, அதிலும் வீட்டுக்காரர் அங்கேயே குடியிருக்க வேண்டும். கணக்குக்காகச் சொல்கிறேன்: எட்டுப் பேர், மூன்று இரவு, தலைக்கு 6,000 ரூபாய் என்றால் 48,000. சமையல் ஆள், மளிகை, பாய், கொசுவலை, துணி துவைக்க, அம்மாவுக்கு, உங்கள் உழைப்புக்கு என்று போனால் கையில் நிற்பது பெரிய தொகை இல்லை. அதற்காக நஞ்சையில் கான்கிரீட் குடில் கட்டக் கடன் வாங்காதீர்கள். களத்துமேடும் ஒரு கீற்றுக் கொட்டகையும் போதும். கட்ட வேண்டியது இரண்டு நல்ல கழிவறை மட்டும், கிணற்றில் இருந்து குறைந்தது 50 அடி தள்ளி. கொட்டகைக்கு விளக்கும் விசிறியும் பம்புசெட் இலவச இணைப்பில் இருந்து இழுத்துவிடாதீர்கள். மின்சாரச் சட்டத்தில் அது முறைகேடான பயன்பாடு, இரட்டிப்புக் கட்டணம் போடுவார்கள். சூழல் முகாம் நடத்துகிறவர் மாட்டினால் ஊர் சிரிக்கும்.

பாம்பை நோட்டீஸில் யாரும் போடுவதில்லை, நானாகச் சொல்கிறேன். தரையில் பாய் போட்டுப் படுத்தால் ராத்திரி வருவது கட்டுவிரியன். அது கடித்தது பல நேரம் தெரியவே தெரியாது, விடியும்போது வயிற்று வலி, கண் இமை சொருகல் என்றுதான் தெரியும். கயிற்றுக் கட்டில் போடுங்கள். இல்லாவிட்டால் கொசுவலையைப் பாய்க்கு அடியில் நன்றாகச் செருகச் சொல்லுங்கள். ஆளுக்கு ஒரு டார்ச். விஷமுறிவு மருந்து இருக்கிற அரசு மருத்துவமனை எது, ராத்திரி எந்த வண்டி வரும் என்று முகாமுக்கு முன்பே விசாரித்துச் சுவரில் எழுதி வையுங்கள்.

அண்ணன் பங்கு கேட்பது நியாயம்தான். பட்டா அப்பா பெயரில் இருந்தால், அப்பா, அண்ணன், நீங்கள் மூவரும் கையெழுத்திட்டு ஒரு தாள் எழுதுங்கள்: எந்த இடம், எத்தனை வருடம், நிலத்துக்கு என்ன வாடகை, நாளைக்குப் பாகம் பிரித்தால் கழிவறையும் கொட்டகையும் யாருக்கு. வரவு செலவு நோட்டை அண்ணன் கையிலேயே கொடுங்கள். தொகையை அவரே எழுதும்போது சந்தேகம் குறையும், பணத்தைப் பற்றி உங்களைவிட அவருக்கு அக்கறை அதிகம் என்பதும் கடிதத்திலேயே தெரிகிறது.

முன்பணம் வாங்கலாம், பாதி. முகாம் தொடங்கப் பத்து நாள்கூட இல்லாதபோது வரவில்லை என்று சொன்னால் திரும்பத் தர மாட்டோம், புயல் எச்சரிக்கையால் நீங்கள் நிறுத்தினால் முழுதும் திரும்பத் தருவோம் என்று பணம் வாங்கும்போதே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.