எம்.பி.ஏ.வில் சிஸ்டம்ஸ் எடுக்கலாமா? ஒரு தந்தைக்குப் பதில்

அன்புள்ள அண்ணாச்சி,

மகளுக்கு எம்.பி.ஏ. இடம் கிடைத்துவிட்டது, எந்தப் பிரிவை எடுப்பது என்று வீட்டில் ஒரு வாரமாகப் பேச்சு ஓடுகிறது என்று எழுதியிருந்தீர்கள். பிள்ளை சிஸ்டம்ஸ், அதாவது கம்ப்யூட்டர் தகவல் முறைகள் பிரிவு என்கிறாள், அவளுடைய தாய்மாமா எச்.ஆர். என்கிற மனிதவளப் பிரிவு என்கிறார். நீங்கள் என்னிடம் கேட்டது இரண்டு கேள்வி. பெரிய கம்பெனிகளில் இருக்கும் இந்த எம்.ஐ.எஸ். என்கிற மேலாண்மைத் தகவல் முறையால் நிஜமாகவே பயன் உண்டா? எல்லா ரிப்போர்ட்டையும் கம்ப்யூட்டரே கொடுத்துவிடும் என்றால் என் பிள்ளைக்கு அங்கே என்ன வேலை?

முதலில் ஒரு விஷயம். பெரும்பாலான கல்லூரிகளில் முதல் வருடம் எல்லோருக்கும் ஒரே பாடம்தான். பிரிவு தேர்ந்தெடுப்பது இரண்டாம் வருடத்தில். உங்கள் கல்லூரியிலும் அப்படித்தானா என்று ஒரு போன் போட்டுக் கேட்டுக்கொள்ளுங்கள். அப்படியென்றால் இந்த வாரமே சண்டை போட்டு முடிவெடுக்க வேண்டிய அவசியம் இல்லை.

சரி, இனி கேள்விக்கு வருகிறேன்.

எம்.ஐ.எஸ். உங்களுக்குப் புதிது அல்ல. ராத்திரி ஷட்டரை இறக்கும் முன் கல்லாவை எண்ணுகிறீர்கள், அன்றைய சிட்டையோடு ஒத்துப் பார்க்கிறீர்கள், கடன் கணக்கைப் பேரேட்டில் ஏற்றுகிறீர்கள். மாதக் கடைசியில் எந்தச் சரக்கு நகரவில்லை, யாரிடம் பாக்கி நிற்கிறது என்று பேரேட்டைப் புரட்டிய பிறகுதானே அடுத்த கொள்முதல்? அதே வேலையைத்தான் பெரிய கம்பெனியில் மென்பொருள் செய்கிறது. ஒரு வித்தியாசம் உண்டு. உளுந்து மூட்டையில் வண்டு விழுந்தால் அது பேரேட்டில் இருக்காது, ஆனாலும் உங்களுக்குத் தெரியும். மூட்டை கண்ணெதிரே இருக்கிறது. நூறு கிளையும் பத்துக் கிடங்கும் வைத்திருப்பவருக்குக் கண்ணெதிரே இருப்பது திரையில் வரும் எண் மட்டும்தான்.

அந்த எண் சரியாக இருந்தால் அதன் பலம் சாதாரணமானது இல்லை. முன்பெல்லாம் கணக்கு வைத்திருக்கும் கிளைக்கே போய்த்தான் பணம் எடுக்க வேண்டும். இப்போது உங்கள் மகள் கோயம்புத்தூரில் படித்துக்கொண்டு அங்கிருந்தே எடுக்கலாம். எல்லாக் கிளைகளின் பேரேடும் ஒன்றாகிவிட்டதுதான் காரணம். அதைத்தான் கோர் பேங்கிங் என்கிறார்கள். அமெரிக்காவின் வால்மார்ட் 2004-இல் செய்ததையும் சொல்ல வேண்டும். ஃபுளோரிடாவை நோக்கி பிரான்சிஸ் என்ற புயல் வந்துகொண்டிருந்தது. சில வாரங்களுக்கு முன் அடித்த சார்லி புயலின்போது எந்தக் கடையில் எது விற்றது என்ற கணக்கைப் புரட்டினார்கள். டார்ச் லைட் அதிகம் விற்றிருக்கும் என்று யாரும் ஊகிக்கலாம். ஆனால் ஸ்ட்ராபெரி பாப் டார்ட்ஸ் என்ற ஒரு தின்பண்டம் வழக்கத்தைவிட ஏழு மடங்கு விற்றிருந்தது. சமைக்க வேண்டாம், கெடாது, பிள்ளைகள் சாப்பிடும். புயல் வருவதற்குள் அதை லாரி லாரியாக அனுப்பிவைத்தார்கள். எவ்வளவு அனுபவமுள்ள கடைக்காரருக்கும் இது தானாகத் தோன்றியிருக்காது. கணக்கு சொன்னது.

பாடப் புத்தகத்தில் நன்மைகள் என்று வரிசையாகப் போட்டிருப்பார்கள்: விரைவான முடிவு, துறைகளுக்கு இடையே ஒருங்கிணைப்பு, கட்டுப்பாடு. எல்லாம் உண்மைதான். தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கட்டும். அந்தப் பட்டியலில் சரியாகச் சொல்லாத ஒன்றை என் அனுபவத்திலிருந்து சொல்கிறேன்.

ஆலோசனைப் பணிக்கு வருமுன் சில வருடங்கள் ஒரு கம்பெனியின் கணக்குப் பிரிவில் இருந்தேன். உதிரிபாகம் வாங்கி விற்கும் பெரிய நிறுவனம். ஒரு மாதக் கடைசியில், ஒரு குறிப்பிட்ட பேரிங் கையிருப்பு மிகவும் குறைந்துவிட்டது, உடனே வாங்கு என்று சிஸ்டம் சொன்னது. வாங்கினோம். அடுத்த வாரமும் அதையே சொன்னது. மறுபடி வாங்கினோம். மூன்றாவது தடவை கொள்முதல் உத்தரவு என் மேஜைக்கு வந்தபோது மனசு கேட்கவில்லை, கிடங்குக்குப் போய்ப் பார்த்தேன். வழிநடை முழுக்க அந்தப் பேரிங் பெட்டிகள். வைக்க இடமில்லாமல் பாத்ரூம் பக்கம் வரை அடுக்கியிருந்தார்கள். கிடங்குப் பொறுப்பாளர் என்னைப் பார்த்து, "ஏன் சார் இதையே அனுப்பிக்கிட்டு இருக்கீங்க?" என்று கேட்டார்.

நடந்தது இதுதான். சரக்கு வரவைப் பதிவு செய்த தம்பி, 40 பெட்டி என்று போட வேண்டிய இடத்தில் 40 உருப்படி என்று போட்டிருந்தான். ஒரு பெட்டிக்குப் பன்னிரண்டு. 480 பேரிங் வந்த இடத்தில் சிஸ்டத்துக்குத் தெரிந்தது நாற்பதுதான். விற்க விற்கக் குறைந்தது, குறையக் குறைய அது உத்தரவு போட்டது. சிஸ்டம் தன் வேலையை ஒழுங்காகத்தான் செய்தது. எனக்கு இன்றும் உறுத்துவது ஒன்றே ஒன்று: கிடங்கில் இருந்த அத்தனை பேருக்கும் தப்பு நடப்பது தெரிந்திருந்தது. யாரும் அவர்களைக் கேட்கவில்லை, நானும் சேர்த்துத்தான்.

இதே தவறு ஒரு நாடு முழுக்க நடந்தால் என்ன ஆகும் என்பதற்கு கனடாவில் டார்கெட் கடைகளுக்கு நடந்ததைப் பார்க்கலாம். அமெரிக்காவில் நன்றாக ஓடிக்கொண்டிருந்த பெரிய சில்லறை வணிக நிறுவனம் அது. 2013-இல் கனடாவில் கடை திறந்தது, கொஞ்ச காலத்திலேயே 133 கடைகள். புது சிஸ்டத்தில் பொருட்களின் விவரத்தை அவசர அவசரமாக ஏற்றினார்கள். சென்டிமீட்டர் போட வேண்டிய இடத்தில் அங்குலம், நீளத்தின் இடத்தில் அகலம். பெட்டி எவ்வளவு பெரியது என்றே சிஸ்டத்துக்குச் சரியாகத் தெரியவில்லை. கிடங்குகள் நிரம்பி வழிந்தன, கடைகளிலோ அலமாரி காலி. 2015 ஜனவரியில் கனடாவை விட்டே வெளியேறுகிறோம் என்று அறிவித்தார்கள். ஏறத்தாழ 17,600 பேருக்கு வேலை போனது. வேறு காரணங்களும் இருந்தன என்றாலும், இந்தத் தவறான விவரங்கள் அதில் பெரிய பங்கு வகித்தன.

நம் நாட்டு உதாரணம் வேண்டுமென்றால் பஞ்சாப் நேஷனல் வங்கி. 2018 பிப்ரவரியில் மும்பையின் ஒரு கிளையில் ஏறத்தாழ 11,400 கோடி ரூபாய் மோசடி வெளியே வந்ததே, ஞாபகம் இருக்கும். வெளிநாட்டு வங்கிகளுக்கு உத்தரவாதக் கடிதம் போனது ஸ்விஃப்ட் என்ற தனிச் செய்தி முறை வழியாக. வங்கியின் கணக்குகள் இருந்தது கோர் பேங்கிங்கில். இரண்டுக்கும் இணைப்பு இல்லை. ஒன்றில் அனுப்பிவிட்டு இன்னொன்றில் பதியாமல் விட்டால் தலைமை அலுவலகத்தின் எந்த ரிப்போர்ட்டிலும் அது வராது. வருடக்கணக்கில் வரவில்லை. அப்புறம்தான் ரிசர்வ் வங்கி, இரண்டையும் இணைத்தே ஆக வேண்டும் என்று எல்லா வங்கிகளுக்கும் கெடு விதித்தது.

செலவும் சின்னதல்ல. ஜெர்மனியின் லிடில் என்ற பெரிய மளிகை நிறுவனம், எஸ்ஏபி என்ற, பெரிய கம்பெனிகளின் கணக்கையும் சரக்கையும் கையாளும் மென்பொருளைத் தன் வழக்கத்துக்கு ஏற்ப மாற்ற ஏழு வருடம் முயன்றது. சரக்கின் மதிப்பைக் கொள்முதல் விலையில் வைப்பதா, விற்பனை விலையில் வைப்பதா என்பதிலேயே இரண்டுக்கும் ஒத்துப்போகவில்லை. 2018-இல் ஏறத்தாழ 50 கோடி யூரோ செலவுக்குப் பிறகு திட்டத்தையே கைவிட்டார்கள். எஸ்ஏபி உலகம் முழுக்க ஆயிரக்கணக்கான கம்பெனிகளில் நன்றாகவே ஓடுகிறது. சட்டை நல்ல சட்டைதான், அளவு பொருந்தவில்லை.

ஆனால் என்னைத் தூங்கவிடாதது பிரிட்டன் அஞ்சல் துறையின் கதை. 1999 வாக்கில் ஹொரைசன் என்ற கணக்கு மென்பொருளைக் கொண்டுவந்தார்கள், ஃபுஜிட்சு நிறுவனம் செய்தது. ஊர் ஊராக அஞ்சல் நிலையம் நடத்தியவர்கள் சாதாரண மனிதர்கள், பலர் கூடவே உங்களைப் போல ஒரு சின்னக் கடையும் வைத்திருந்தவர்கள். அவர்கள் ராத்திரி கணக்கு முடிக்கும்போது திரையில் பணம் குறைவதாகக் காட்டியது. கல்லாவை எத்தனை தடவை எண்ணினாலும் திரை அதையே சொன்னது. உதவி கேட்டு அழைத்தவர்களுக்கு, உங்களுக்கு மட்டும்தான் இப்படி வருகிறது என்று பதில். குறைந்ததாகக் காட்டிய பணத்தைச் சொந்தக் கையிலிருந்து கட்டினார்கள், வீட்டை அடகு வைத்தார்கள். 900-க்கும் மேற்பட்டவர்கள் திருட்டு, பொய்க்கணக்கு என்று தண்டிக்கப்பட்டார்கள். சிலர் சிறைக்கே போனார்கள். பிழை மென்பொருளில் இருந்தது. அந்த உண்மை நீதிமன்றத் தீர்ப்பாக வர 2019 ஆனது. தண்டனைகளை ஒட்டுமொத்தமாக ரத்து செய்ய 2024-இல் தனிச் சட்டமே போட வேண்டியிருந்தது.

அண்ணாச்சி, உங்கள் இரண்டாவது கேள்விக்கு இதுதான் என் பதில். ரிப்போர்ட் எடுக்க ஆள் தேவைப்படாத காலம் வரலாம். திரையில் இருக்கும் எண்ணும் கிடங்கில் இருக்கும் மூட்டையும் ஒன்றா என்று கேட்க ஆள் தேவைப்படாத காலம் வராது. அப்படிக் கேட்கும் ஒருவர் சரியான நாற்காலியில் இருந்திருந்தால் அந்த அஞ்சல் நிலையக்காரர்களின் குடும்பங்கள் தப்பியிருக்கும். உங்கள் பிள்ளை அந்த ஆளாக வர முடியும் என்றால் தாராளமாக சிஸ்டம்ஸ் எடுக்கட்டும்.

ஆனால் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். வேலைவாய்ப்பு விளம்பரங்களில் "எம்.ஐ.எஸ். எக்ஸிகியூட்டிவ்" என்று நிறைய வரும். அதில் பெரும்பாலானவை, காலையில் கிளைகளிலிருந்து வரும் எக்செல் ஷீட்டுகளைச் சேர்த்து, பிவட் டேபிள் என்ற சுருக்க அட்டவணை போட்டு, பத்து மணிக்குள் மேலாளருக்கு மெயில் அனுப்பும் வேலை. ஆரம்பத்துக்குத் தப்பில்லை. ஆனால் கம்ப்யூட்டர் பறித்துக்கொள்ளும் என்று நீங்கள் பயப்படும் வேலை சரியாக இதுதான். இரண்டு வருடத்துக்கு மேல் அங்கேயே நின்றுவிடக் கூடாது. அங்கிருந்து நகர வேண்டிய திசைகள் உண்டு: ஈஆர்பி என்ற, கொள்முதல், கிடங்கு, கணக்கு எல்லாவற்றையும் ஒன்றாக இணைக்கும் மென்பொருளைக் கம்பெனிக்கு ஏற்ப அமைத்துத் தரும் ஃபங்ஷனல் கன்சல்டன்ட், துறைக்காரர்களின் தேவையை மென்பொருள்காரர்களுக்கு விளக்கும் பிசினஸ் அனலிஸ்ட், தகவல் முறைத் தணிக்கையாளர். கடைசியாகச் சொன்னதற்கு சிஐஎஸ்ஏ என்ற சான்றிதழை உலகம் முழுக்க மதிக்கிறார்கள். தேர்வை முன்கூட்டியே எழுதலாம், சான்றிதழ் கையில் கிடைக்கப் பொதுவாக ஐந்து வருட அனுபவம் வேண்டும். பி.காம். முடித்த உங்கள் மகளுக்கு இது நன்றாகப் பொருந்தும். கணக்கு தெரிந்த கை அவளுடையது, கம்ப்யூட்டர் மட்டும் படித்து வருபவர்களுக்கு அது இருக்காது.

இன்னொன்று. எஸ்ஏபி கோர்ஸ், நூறு சதவீதம் வேலை என்று சொல்லி லட்சக்கணக்கில் கேட்கும் பயிற்சி மையங்களில் இப்போதைக்குப் பணம் கட்ட வேண்டாம். எஸ்ஏபி நிறுவனமே பல பாடங்களை இலவசமாகத் தன் தளத்தில் வைத்திருக்கிறது. எக்செல், அப்புறம் தரவுத்தளத்திலிருந்து தகவலைக் கேட்டு எடுக்கும் எஸ்க்யூஎல் மொழி, இரண்டையும் முதல் வருடத்திலேயே வசப்படுத்தட்டும். வேலைக்கு முன் செய்யும் இன்டர்ன்ஷிப்புக்கு ஏ.சி. அறையைத் தேடாமல் ஏதாவது ஒரு கிடங்கையோ தொழிற்சாலையையோ தேடட்டும்.

பாடம் பிடிக்குமா பிடிக்காதா என்று தெரிந்துகொள்ளக் கல்லூரி திறக்கும்வரைகூடக் காத்திருக்க வேண்டாம். ஈஆர்பிநெக்ஸ்ட் என்று மும்பைக்காரர்கள் உருவாக்கிய திறமூல (யாரும் எடுத்துப் பயன்படுத்த நிரலைத் திறந்து வைத்திருக்கும்) ஈஆர்பி மென்பொருள் ஒன்று இருக்கிறது, காசு கொடுக்காமல் கம்ப்யூட்டரில் நிறுவிக்கொள்ளலாம். உங்கள் கடையின் இருபது சரக்கை மட்டும் அதில் ஏற்றச் சொல்லுங்கள். அரிசி, உளுந்து, எண்ணெய், இப்படி. மூட்டையில் வாங்கிக் கிலோவில் விற்பதை எப்படிப் பதிவது என்று அவளே முட்டி மோதிக் கண்டுபிடிக்கட்டும். மூன்று வாரம் வரவும் விற்பனையும் தினமும் பதியட்டும். நீங்கள் உங்கள் பேரேட்டை எப்போதும் போல எழுதுங்கள், அவளுக்குக் காட்ட வேண்டாம். மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை கடையை அடைத்த பிறகு இரண்டு பேரும் உட்கார்ந்து சரக்கை எண்ணுங்கள். திரையில் ஒன்றும் மூட்டையில் ஒன்றுமாக ஏதாவது நாலு இடத்தில் கட்டாயம் வரும். அப்போது அவள் "போகட்டும்" என்று மூடி வைக்கிறாளா, ஏன் என்று தோண்டுகிறாளா என்று பாருங்கள். பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள், மேற்கொண்டு பேசுவோம்.