இரத்த தானத்தில் தெரிந்த ஹெபடைடிஸ் சி

கேள்வி: என் கணவருக்கு வயது 49. முகாமில் இரத்த தானம் செய்த பிறகு, 'ஹெச்.சி.வி. பாசிட்டிவ்' என்று இரத்த வங்கியிலிருந்து அழைத்துச் சொன்னார்கள். அவருக்கு எந்தத் தொந்தரவும் இல்லை. 1996இல் விபத்துக்குப் பின் இரத்தம் ஏற்றியிருக்கிறார்கள். மாமியார் அவருடைய தட்டையும் டம்ளரையும் தனியாக எடுத்து வைத்துவிட்டார். நாங்கள் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டுமா?

பதில்: முதலில் அந்தத் தட்டையும் டம்ளரையும் பழைய இடத்திலேயே வைக்கச் சொல்லுங்கள். ஹெபடைடிஸ் சி (சுருக்கமாக ஹெச்.சி.வி.) இரத்தத்தின் வழியாகப் பரவி, கல்லீரலைத் தாக்கும் வைரஸ். சேர்ந்து உண்பதாலோ, தொடுவதாலோ, இருமலாலோ அது ஒட்டிக்கொள்வதில்லை. இதற்குத் தடுப்பூசியும் இன்றுவரை கிடையாது. தனியாக வைக்க வேண்டியவை அவருடைய ஷேவிங் ரேசர், நகவெட்டி, பல் துலக்கும் பிரஷ் ஆகியவைதான்; கண்ணுக்குத் தெரியாத இரத்தத் துளி அவற்றில் தங்கியிருக்கக்கூடும். சலூனில் புது பிளேடு மாட்டச் சொல்வதும், பச்சை குத்துவதானால் புது ஊசியைக் கண்ணெதிரே பிரிக்கச் சொல்வதும் எல்லோருக்குமே நல்லது.

இந்த வைரஸ் 1989இல்தான் அடையாளம் காணப்பட்டது. நம் நாட்டு இரத்த வங்கிகளில் இதற்கான பரிசோதனை 2001ஆம் ஆண்டுவாக்கில்தான் கட்டாயமானது என்பதால், 1996இல் ஏற்றிய இரத்தத்தின் மூலம் தொற்று வந்திருக்க வாய்ப்புண்டு. தொந்தரவு இல்லாதது வியப்பும் அல்ல: இருபது, முப்பது ஆண்டுகள் சத்தமின்றி இருந்து, கல்லீரல் சுருங்கி, வயிற்றில் நீர் கோத்த பிறகே மருத்துவரிடம் வருகிறவர்கள் உண்டு.

ஆனால் உங்களிடம் சொல்லப்பட்ட 'பாசிட்டிவ்' என்பது பெரும்பாலும் வைரஸை எதிர்க்க உடல் உருவாக்கும் எதிர்ப்பொருளைத்தான் குறிக்கும். வைரஸ் இப்போதும் உடலில் இருக்கிறது என்பதற்கு அது சான்றாகாது. தொற்றியவர்களில் சிலருக்கு ஆறு மாதத்துக்குள் வைரஸ் தானாகவே நீங்கிவிடுகிறது. ஆகவே வைரஸே இரத்தத்தில் இருக்கிறதா என்று காட்டும் ஹெச்.சி.வி. ஆர்.என்.ஏ. பரிசோதனை செய்து பாருங்கள். வைரஸ் இருந்தால், பெரும்பாலோருக்கு 12 வாரம் மாத்திரை சாப்பிட்டாலே போதும். நூற்றுக்கு 95 பேருக்கு மேல் முற்றிலும் குணமாகிறார்கள். 2018இல் தொடங்கிய தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் கீழ் அரசு சிகிச்சை மையங்களில் இம்மருந்து இலவசம். மருந்து தொடங்கும் முன் ஹெபடைடிஸ் பி பரிசோதனை அவசியம். அது மறைந்திருந்தால் சிகிச்சையின்போது தலைதூக்கலாம். மதுவை அடியோடு நிறுத்த வேண்டும். கீழாநெல்லி போதும் என்று யாராவது சொன்னால், தயவுசெய்து காலம் கடத்தாதீர்கள்.

தம்பதியரிடையே உடலுறவால் பரவுவது மிக அரிது; ஆயினும் நீங்களும் ஒருமுறை பரிசோதித்துக்கொள்ளுங்கள். உங்களுக்குத் தொற்று இருந்தால் மட்டும் பிள்ளைகளையும் பரிசோதிக்க வேண்டும்.

மருந்து முடிந்து 12 வாரம் கழித்து மீண்டும் ஆர்.என்.ஏ. பார்த்து, வைரஸ் இல்லையெனில் குணமானதாகக் கொள்ளலாம். எதிர்ப்பொருள் மட்டும் இரத்தத்திலேயே தங்கிவிடும் என்பதால், அவர் இனி இரத்த தானம் செய்ய இயலாது. முகாமில் கேட்டால் மறைக்காமல் சொல்லிவிடட்டும்.