பாய்மரப் படகு ஸ்கிப்பர் லைசென்ஸ்: பணம் கட்டும் முன் சில கேள்விகள்

கேள்வி: பயணிகளை ஏற்றிச் செல்லும் பாய்மரப் படகில் ஸ்கிப்பராக, அதாவது படகின் தலைவராக, வேலை பார்க்க ஆசை. ஒரு பயிற்சிப் பள்ளி, சில மாதங்களில் பிரிட்டனின் யாட்மாஸ்டர் ஆஃப்ஷோர் சான்றிதழோடு வணிக அனுமதியையும் வாங்கித் தருவதாகச் சொல்கிறது. 'தேர்ச்சி உறுதி' என்று விளம்பரத்திலேயே போட்டிருக்கிறார்கள். முழுத் தொகையையும் முன்கூட்டியே கட்டச் சொல்கிறார்கள். கட்டலாமா?

பதில்: இப்போது கட்டாதீர்கள். அந்த 'தேர்ச்சி உறுதி'யே போதும், ஒரு அடி பின்வாங்க. இந்தத் தேர்வை நடத்துவது ராயல் யாட்டிங் அசோசியேஷன், சுருக்கமாக ஆர்.ஒய்.ஏ. தேர்வுக் கட்டணம் அவர்களுக்குப் போகிறது, தேர்வாளரும் அவர்கள் நியமிப்பவர்தான். உங்களுக்குப் பாடம் நடத்தியவரே தேர்வாளராக வருவதில்லை. பள்ளி தேர்வுக்குப் படகை வாடகைக்குத் தரலாம், தயார்படுத்தலாம். அதற்கு மேல் அதன் கையில் எதுவும் இல்லை. தன்னிடம் இல்லாததை விற்கிறவரிடம் முன்பணம் கொடுக்கக் கூடாது.

பள்ளிகள் முதலில் சொல்லாத ஒன்றும் உண்டு. யாட்மாஸ்டர் ஆஃப்ஷோர் தேர்வுக்கு உட்காரப் பயிற்சி வகுப்பு கட்டாயமே இல்லை. கேட்பது கடல் அனுபவம். 18 வயது ஆகியிருக்க வேண்டும். 50 நாள் கடலில் இருந்திருக்க வேண்டும், அதில் 5 நாளாவது ஸ்கிப்பராக. 2,500 கடல் மைல் ஓடியிருக்க வேண்டும். அதற்குள் 60 மைலுக்கு மேற்பட்ட பயணங்கள் ஐந்து இருக்க வேண்டும். அவற்றில் இரண்டில் நீங்கள் ஸ்கிப்பர், இரண்டு இரவு முழுக்க ஓடியவை. எல்லாம் தேர்வுக்கு முந்தைய 10 ஆண்டுகளுக்குள். இவற்றோடு கடல் வானொலிக்கான எஸ்.ஆர்.சி. சான்றும், காலாவதியாகாத முதலுதவிச் சான்றும்.

வகுப்பே வீண் என்று நான் சொல்லவில்லை. ஓதக் கணக்கு (கடல் நீர்மட்டம் ஏறி இறங்குவதைக் கணிப்பது), வரைபடத்தில் பாதை போடுவது, மோதல் தவிர்ப்பு விதிகள், இரவில் விளக்குகளை வைத்து எதிரே வருவது என்ன கப்பல் என்று புரிந்துகொள்வது, இதையெல்லாம் நல்ல ஆசிரியரிடம் படிப்பது பெரிய லாபம். தேர்வும் லேசானதல்ல. ஒருவர் மட்டும் தேர்வுக்கு வந்தால் 8 முதல் 12 மணி நேரம் படகிலேயே, இரவும் பகலும் கலந்து நடக்கும். மனப்பாடம் அங்கே உதவாது. ஆனால் வகுப்பைத் தனியாக, கடல் நாட்களைத் தனியாக வாங்க முடியும் என்று தெரிந்துகொண்டு பேரம் பேசுங்கள்.

இனி அந்த மைல்கள். 2,500 மைலில் குறைந்தது பாதி, ஓதம் உள்ள கடலில் ஓடியிருக்க வேண்டும். மத்தியதரைக் கடலில் ஓதம் மிகக் குறைவு, பால்டிக்கிலும் அப்படித்தான். வெயிலும் நல்ல காற்றும் உள்ள இடத்தில் மைல் சேர்ப்பது சுகம்தான். ஆனால் அங்கேயே மொத்தத்தையும் சேர்த்தவர் தேர்வு விண்ணப்பம் நிரப்பும்போது மாட்டிக்கொள்கிறார். படகின் நீர்க்கோட்டு நீளமும் (தண்ணீர் தொடும் மட்டத்தில் அளக்கும் நீளம்) 7 மீட்டருக்கும் 24 மீட்டருக்கும் நடுவே இருக்க வேண்டும். அதனால் பள்ளியிடம் எழுத்தில் கேளுங்கள்: இந்தத் தொகைக்குள் எத்தனை கடல் மைல், எந்தக் கடலில், எத்தனை நாள் நான் ஸ்கிப்பராக நிற்பேன், ஒரு படகில் எத்தனை மாணவர்கள்? கடைசிக் கேள்வியை விடாதீர்கள். ஐந்து பேர் ஏறிய படகில் ஸ்கிப்பர் முறை உங்களுக்கு எப்போது வரும் என்று யோசித்துப் பாருங்கள். வானிலை கெட்டு நாட்கள் போனால் ஈடு உண்டா, தேர்வுக் கட்டணமும் படகு வாடகையும் தொகைக்குள் அடங்குமா என்றும் கேளுங்கள். நேராகப் பதில் சொல்லும் பள்ளிகள் இருக்கின்றன; அவர்களுக்குத் தவணையாகக் கட்டுங்கள்.

கேள்வி: மருத்துவப் பரிசோதனையைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்கிறார்கள். சரியா?

பதில்: இல்லை. முதல் வேலையாக அதைத்தான் செய்ய வேண்டும், குறிப்பாக நிறப்பார்வையில் சந்தேகம் இருந்தால். இரவில் சிவப்பு, பச்சை விளக்கைப் பிரித்தறிய முடியாதவருக்கு வணிகப் பணியில் கட்டுப்பாடு வரும். எல்லாச் செலவும் செய்த பிறகு அது தெரியவந்தால் மனசு உடைந்துபோகும். பிரிட்டன் முறையில் எம்.எல்.5, ஈ.என்.ஜி.1 என்று இரண்டு மருத்துவச் சான்றுகள் உண்டு. ஈ.என்.ஜி.1 கடுமையானது, அரசு அங்கீகரித்த மருத்துவர்தான் தர முடியும், அதிகபட்சம் 2 ஆண்டு செல்லும். கரையை விட்டு வெகுதூரம் போகும் வேலைக்கு அதுதான் வேண்டும்.

கேள்வி: என்னிடம் ஐ.சி.சி. என்ற சர்வதேசப் படகோட்டுத் திறன் சான்று இருக்கிறது. நண்பரின் படகில் பணம் வாங்கி விருந்தினர்களை அழைத்துப் போகலாமா?

பதில்: கூடாது. ஐ.சி.சி. பொழுதுபோக்குப் பயணத்துக்கு மட்டும். விருந்தினர் காசு கொடுத்த உடனே அது வணிகப் பயணம். படகுக்கும் வணிகச் சான்று வேண்டும், உங்களுக்கும் வேண்டும். காப்பீட்டு நிறுவனம் இழப்பீடு தர மறுக்கும் முதல் இடமும் அதுவே. யாட்மாஸ்டர் சான்றோடு வணிக அனுமதி வாங்கத் தேவை மூன்று: மருத்துவச் சான்று, ஒருநாள் கடல் உயிர்காப்புப் பயிற்சி, தொழில் பொறுப்புகள் பற்றிய ஆன்லைன் பாடம். அதன் பிறகு யாட்மாஸ்டர் ஆஃப்ஷோர்காரர், 24 மீட்டருக்கு உட்பட்ட வணிகப் படகை, 12 பயணிகள் வரை ஏற்றி, பாதுகாப்பான துறைமுகத்திலிருந்து 150 மைல் தொலைவு வரை ஓட்டலாம்.

கேள்வி: என் வணிக அனுமதி சில மாதங்களுக்கு முன்பே காலாவதியாகிவிட்டது. பயிற்சியையும் தேர்வையும் முதலிலிருந்து எழுத வேண்டும் என்று ஒரு ஏஜென்ட் சொல்கிறார். கட்டணமும் பெரிதாக இருக்கிறது.

பதில்: அந்த ஏஜென்டுக்குப் பணம் கொடுக்க வேண்டாம். உங்களிடம் இருப்பவை இரண்டு. யாட்மாஸ்டர் சான்றிதழ் காலாவதி ஆவதில்லை, அது ஆயுளுக்கும் உங்களுடையது. 5 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டியது வணிக அனுமதியை மட்டும். அதற்கு, கடந்த 5 ஆண்டில் 150 நாள் கடல் பணி செய்ததற்கான ஆதாரமும் செல்லுபடியான மருத்துவச் சான்றும் வேண்டும். படகோட்டும் பயிற்சி கொடுப்பது போன்ற தொழில் செய்தவர்கள் அதையும் காட்டலாம். நேரடியாக ஆர்.ஒய்.ஏ.வுக்கே விண்ணப்பியுங்கள். ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பு: புதிய அனுமதி கைக்கு வரும்வரை பணம் வாங்கும் பயணத்துக்கு ஸ்கிப்பராகப் போகாதீர்கள், ஒரு நாள்கூட.

அமெரிக்கக் கடலோரக் காவல் படை தரும் உரிமமும் 5 ஆண்டுக்குத்தான். அங்கே 5 ஆண்டில் 360 நாள் பணி காட்ட வேண்டும். அது இல்லாதவர்கள் புத்தகத்தைப் பார்த்து எழுதும் ஒரு தேர்வையோ, அங்கீகரிக்கப்பட்ட புத்தாக்கப் பயிற்சியையோ முடிக்கலாம். காலாவதியாகி ஓராண்டுக்குள் புதுப்பிக்கவும் இடம் உண்டு, ஆனால் அந்த இடைவெளியில் வேலை பார்க்க முடியாது. 4 மணி நேரத்துக்குக் குறைவாக ஓடிய நாள் அங்கே கணக்கில் சேராது. மாலை உலாக்களை மட்டும் ஓட்டுகிறவர்கள் இதைக் கவனிக்காமல் விட்டு, புதுப்பிக்கும் வேளையில் தவிக்கிறார்கள்.

கேள்வி: புதுப்பிக்கக் காட்ட வேண்டிய கடல் நாட்கள் எனக்குக் குறைகின்றன. ஒரு படகு உரிமையாளர், கட்டணம் கொடுத்தால் லாக்புக்கில் (கடல் பயணங்களைப் பதியும் குறிப்பேட்டில்) கையெழுத்துப் போட்டுத் தருவதாகச் சொல்கிறார். பலரும் செய்வதாகக் கேள்வி.

பதில்: வேண்டவே வேண்டாம். பொய்யான கடல் நாட்கள் வெளிப்பட்டால் சான்றிதழே போய்விடலாம். அதைவிடப் பெரியது, உங்களை நம்பி ஏறுகிற குடும்பங்கள். காற்று திடீரென்று ஏறி, பாயைச் சுருக்க வேண்டிய நேரத்தில், எழுதி வாங்கிய நாள் எதுவும் கை கொடுக்காது. அதே பணத்தில் உண்மையான நாட்களை வாங்க முடியும். ஒரு துறைமுகத்திலிருந்து இன்னொன்றுக்குப் படகைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் டெலிவரி பயணங்களில் உதவியாளராகச் சேருங்கள். சிலர் செலவைப் பகிரச் சொல்வார்கள், சிலர் சாப்பாடு போட்டு அழைத்துப் போவார்கள். ஏறும் முன் அந்த ஸ்கிப்பர் யார், உயிர்காப்புச் சாதனங்கள் என்ன நிலையில் இருக்கின்றன என்று பாருங்கள். இறங்கும் அன்றே தேதி, படகின் பெயரும் நீளமும், புறப்பட்ட, சேர்ந்த துறைமுகம், மைல், இரவு மணிகள், உங்கள் பொறுப்பு எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். ஒரு மாதம் கழித்து அந்த ஸ்கிப்பர் எந்தக் கடலில் இருப்பார் என்று யாருக்குத் தெரியும்? ஒவ்வொரு பக்கத்தையும் செல்போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், லாக்புக் நனைந்து மை கரைந்தாலும் புதுப்பிக்கும்போது ஆதாரம் இருக்கும்.