புதுக் கணினிக்குள் 'டிக், டிக்' சத்தம்: கடைக்காரர் கையை விரித்தால்?

கேள்வி: கொக்குவிலில் வசிக்கிறேன். உயர்தரம் படிக்கும் மகனுக்காக யாழ் நகரத்துக் கடையொன்றில் 145,000 ரூபாவுக்குப் புதுக் கணினி வாங்கிப் பத்துக் கிழமை ஆகிறது. இரண்டாம் கிழமையிலேயே பெட்டிக்குள் 'டிக், டிக்' என்று சத்தம். பிறகு வேலை செய்துகொண்டிருக்கும்போதே திரை நீலமாகி நின்றுவிடும். தானாகத் திரும்பத் தொடங்கும். இரண்டு தரம் கடைக்குக் கொண்டுபோனோம். விண்டோஸைத் திரும்பப் போட்டுவிட்டு 3,500 ரூபா வாங்கினார்கள். சத்தம் போகவில்லை. மூன்றாம் தரம், "கரண்ட் ஏறி இறங்கினதால வந்த பழுது, வொரண்டிக்குள்ள வராது" என்கிறார்கள். பில்லில் ஒரு வருட வொரண்டி என்று இருக்கிறது. கீழே 'விற்ற பொருட்கள் மீளப் பெறப்படமாட்டா' என்றும் இருக்கிறது. பொலிஸுக்குப் போகலாமா?

பதில்: சகோதரி, முதலில் நாட்காட்டியைப் பாருங்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின் 13ஆம் பிரிவின்படி, கொடுத்த உத்தரவாதத்துக்கு ஒவ்வாத பொருளை விற்றவர் மீது அந்த அதிகாரசபையிடம் முறையிடலாம். ஆனால் விற்பனை நடந்து மூன்று மாதத்துக்குள், எழுத்தில் முறையிட வேண்டும். உங்களிடம் மிஞ்சியிருப்பது ஏறக்குறைய மூன்று கிழமை. வொரண்டி ஒரு வருடம்தானே, ஆறுதலாகப் பார்ப்போம் என்று இருந்துவிடாதீர்கள். "நாளைக்குக் கொண்டு வாங்கோ, அடுத்த கிழமை வாங்கோ" என்ற அலைச்சலிலேயே பலருக்கு இந்த வழி அடைபட்டுப் போகிறது. எனக்கு மிகவும் கவலை தரும் விஷயம் இது.

அடுத்தது சாட்சி. அது உங்கள் மேசையிலேயே இருக்கிறது. சீராக இரையும் சத்தம் பெரும்பாலும் காற்றாடியினுடையது. நம் ஊர்த் தூசிக்கும் வெக்கைக்கும் அது வரும், அதை மட்டும் வைத்து வழக்காட முடியாது. விட்டுவிட்டு வரும் 'டிக், டிக்' அப்படியல்ல. சுழலும் ஹார்ட் டிஸ்க்கின் வாசிப்பு முனை தடுமாறும்போது அந்தச் சத்தம் எழும். அப்படியான டிஸ்க் எந்த நேரமும் முழுதாக நின்றுபோகலாம். ஆகவே மகனின் பாடக் குறிப்புகள், படங்கள் எல்லாவற்றையும் இன்றே வேறொரு டிஸ்க்கிலோ பென் டிரைவிலோ பிரதி எடுங்கள். அழிந்த கோப்புகளுக்கு நட்டஈடு கேட்டு வெல்வது மிகக் கடினம்.

பிறகு சத்தத்தையும் நீலத்திரையையும் கைப்பேசியில் வீடியோ எடுங்கள். விண்டோஸில் 'ரிலயபிலிட்டி மொனிட்டர்' என்று தேடினால், எந்த நாளில் என்ன செயலிழந்தது என்ற பதிவு வரும். அதைப் படம் பிடியுங்கள். விண்டோஸைத் திரும்பப் போடும்போது பழைய பதிவு அழிந்திருக்கும், என்றாலும் அதற்குப் பிறகு நடந்தவை இருக்கும். 'கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ' என்ற இலவச மென்பொருள் டிஸ்க்கின் நலத்தையும், தொடரிலக்கத்தையும், அது மொத்தம் எத்தனை மணித்தியாலம் ஓடியிருக்கிறது என்பதையும் காட்டும். கடைசியாகச் சொன்ன எண்ணைக் கவனமாகப் பாருங்கள். நாளுக்கு ஆறு மணித்தியாலம் பாவித்தாலும் 70 நாளில் 420தான் வரும். நாலாயிரம், ஐயாயிரம் என்று காட்டினால் பாவித்த டிஸ்க்கைப் போட்டுப் புதிது என்று விற்றிருக்கிறார்கள் என்று பலமாகச் சந்தேகிக்கலாம். இதற்கெல்லாம் பெட்டியைத் திறக்கத் தேவையில்லை. வொரண்டி ஸ்டிக்கரில் கை வைக்காதீர்கள்.

பொலிஸைப் பற்றிக் கேட்டீர்கள். பழுதான பொருளைத் திருத்தித் தராதது குடியியல் பிணக்கு. பொலிஸார் தலையிடும் விஷயமல்ல. பழையதைத் தெரிந்துகொண்டே புதிது என்று விற்றது உறுதியானால்தான் மோசடி என்ற பேச்சு வரும்.

கரண்ட் என்ற காரணத்தை அப்படியே ஏற்க வேண்டாம். வொரண்டியில் விலக்கு இருக்கிறது என்று சொல்பவர்தான் அதைக் காட்ட வேண்டும். எந்தப் பாகம், எப்படிப் பழுதானது என்று எழுத்தில் தரச் சொல்லுங்கள், வாய்ப்பேச்சில் விடாதீர்கள். இரண்டாம் கிழமையிலேயே சத்தம் என்று முறையிட்டபோது ஏன் கரண்டைப் பற்றிச் சொல்லவில்லை என்றும் கேளுங்கள். 'மீளப் பெறப்படமாட்டா' என்ற வரியைக் கண்டும் பயப்பட வேண்டாம்: அதே பில்லில் அவர்களே கொடுத்த ஒரு வருட உத்தரவாதத்தை அது அழித்துவிடாது.

3,500 ரூபாவையும் விடாதீர்கள். அதே சட்டத்தின் 32ஆம் பிரிவின்படி சேவையை உரிய கவனத்தோடும் திறமையோடும் செய்ய வேண்டும். டிஸ்க்கின் இயந்திரப் பழுதுக்கு விண்டோஸைத் திரும்பப் போட்டுக் காசு வாங்குவது திருத்தம் ஆகாது. சேவைக்கான மூன்று மாதம் அந்தச் சேவை நடந்த நாளிலிருந்து எண்ணப்படும்.

இப்போதே கடைக்குப் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்புங்கள். வாங்கிய திகதி, பழுது தொடங்கிய நாள், கொண்டுபோன நாட்கள் எல்லாம் எழுதி, மாற்றித் தர வேண்டும் அல்லது பணத்தைத் திருப்ப வேண்டும் என்று ஒரு கிழமைத் தவணை கொடுங்கள். பேசாமல் பாவித்துக்கொண்டிருந்தால், 1896ஆம் ஆண்டின் பொருட்கள் விற்பனைக் கட்டளைச் சட்டத்தின்படி பொருளை ஏற்றுக்கொண்டவராகக் கருதப்படுவீர்கள். அதன்பின் திருப்பிக் கொடுக்கும் உரிமை போய், நட்டஈடு கேட்பது மட்டுமே மிஞ்சும். பதில் வராவிட்டால் யாழ் மாவட்டச் செயலகத்தில் உள்ள அதிகாரசபை அலுவலகத்தில் பில், கடிதப் பிரதி, படங்களோடு முறையிடுங்கள். 1977 என்ற எண்ணிலும் விசாரிக்கலாம். விசாரணைக்குப் பின் நட்டஈடு, மாற்றுப் பொருள், பணத்தைத் திருப்புதல் என்று கட்டளையிட அவர்களுக்கு அதிகாரம் உண்டு. கடைக்காரர் பணம் கட்டாவிட்டால் நீதவான் நீதிமன்றம் மூலம் தண்டப்பணம் போல அறவிடலாம்.

அதிகாரசபை வழி தவறினாலும் வழக்கு வைக்கக் காலம் இருக்கிறது; எழுத்தில் இல்லாத ஒப்பந்தத்துக்கே மூன்று வருடம். இவ்வளவு தொகைக்கு முதலில் மத்தியஸ்த சபைக்குப் போக வேண்டிவரும். அங்கே சட்டத்தரணி உங்களுக்காகத் தோன்ற முடியாது. மகனையும் கூட்டிக்கொண்டு போங்கள்; எந்த நாளில் எப்படி நின்றது என்பதை அவர்தான் சரியாகச் சொல்வார்.