அச்சுகள் யார் கையில் இருக்கின்றன? – வாசகர் கேள்வி பதில்

1:72 அளவில், அதாவது அசலின் 72இல் ஒரு பங்கு அளவில், போர் விமான மாதிரிகளை வார்த்துத் தரும் நிறுவனம் ஒன்று பல மாதங்களாகப் புதிய வெளியீடு எதையும் அறிவிக்கவில்லை. டைகாஸ்ட் விமானங்களை, அதாவது உலோகத்தை அச்சில் வார்த்துச் செய்த மாதிரி விமானங்களை, சேகரிக்கும் வாசகர்களிடமிருந்து இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அந்தக் கவலையைத்தான் பேசுகின்றன. நிறுவனத் தரப்பிலிருந்து முறையான தகவல் எதுவும் வராத நிலையில் அதன் பெயரை இங்கே குறிப்பிடுவது நியாயமாகாது என்பதால், கேள்விகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: பதினோரு ஆண்டுகளாக ஒரே நிறுவனத்தின் விமானங்களை வாங்கி வருகிறேன். வழக்கமாக வரும் அறிவிப்பு இந்த முறை வரவில்லை. நிறுவனம் மூடப்போகிறது என்று நண்பர்கள் சொல்கிறார்கள். நம்பலாமா?

அறிவிப்பு வரவில்லை என்பதை மட்டும் வைத்து அப்படி ஒரு முடிவுக்கு வர வேண்டாம். இந்தத் தொழிலில் தாமதத்துக்கு இயல்பான காரணங்கள் பல உண்டு. பெரும்பாலான மாதிரிகள் சீனாவில் உள்ள ஒப்பந்தத் தொழிற்சாலைகளில்தான் உருவாகின்றன. சந்திரப் புத்தாண்டையொட்டி அங்கே வேலை வாரக்கணக்கில் நின்றுபோகும். சிறிய எண்ணிக்கையில் தயாரிக்கச் சொல்லும் நிறுவனம், பெரிய ஆர்டர் கொடுத்தவர்களுக்குப் பின்னால் வரிசையில் காத்திருக்கவும் நேரும். விமானத் தயாரிப்பாளரிடமும், பயணிகள் விமானமாக இருந்தால் அதை இயக்கும் நிறுவனத்திடமும் உரிமம் பெற வேண்டியிருப்பதால், கோப்பு எங்கேனும் ஓரிடத்தில் தேங்கினாலும் வெளியீடு தள்ளிப்போகும்.

கவலைப்பட வேண்டிய அறிகுறிகள் வேறு. ஏற்கெனவே அறிவித்த மாதிரிகள் ஒவ்வொன்றாகப் பட்டியலிலிருந்து மறைவது, உடைந்த பாகத்துக்கு மாற்று கேட்டு எழுதிய கடிதங்களுக்குப் பதிலே வராமல் போவது, பல கடைகள் ஒரே நேரத்தில் கையிருப்பை அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிடுவது, நெடுநாள் விநியோகஸ்தர் திடீரென்று விலகுவது ஆகியவற்றில் இரண்டு மூன்று சேர்ந்து தென்பட்டால் நண்பர்கள் சொல்வதில் பொருள் இருக்கிறது. நிறுவனம் பிரிட்டனில் பதிவானது என்றால், அந்நாட்டின் நிறுவனப் பதிவு அலுவலகமான கம்பெனிஸ் ஹவுஸின் பதிவேட்டில் அதன் ஆண்டுக் கணக்கை எவரும் கட்டணமின்றிப் பார்க்கலாம். கணக்கைத் தாக்கல் செய்யக் கெடு தாண்டியிருந்தால் அதுவும் அங்கே தெரியும். வதந்தியில் நான்கு வாரத்தைச் செலவிடுவதைவிட இதற்கு அரை மணி நேரம் ஒதுக்குவது மேல்.

கேள்வி: நிறுவனம் உண்மையிலேயே மூடப்பட்டால் அந்த மாதிரிகள் இனி வரவே வராதா?

எல்லாக் கடிதங்களுக்கும் அடியில் இருக்கும் கேள்வி இதுதான் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

நாம் 'நிறுவனம்' என்று ஒரே சொல்லில் குறிப்பிடுவதற்குள் வணிகப் பெயர், மாதிரியை வார்க்கும் எஃகு அச்சுகள், தொழிற்சாலை என்று மூன்று தனித்தனிப் பொருள்கள் இருக்கின்றன. பெயர் ஒருவரிடமும் அச்சுகள் இன்னொருவரிடமும் இருக்கலாம். வார்த்துக் கொடுக்கும் தொழிற்சாலை இருவருக்கும் சொந்தமில்லாத மூன்றாமவருடையதாக இருக்கலாம். இவற்றில் விலை மதிப்பு மிகுந்தது அச்சுதான். உருகிய துத்தநாகக் கலவையை அழுத்தத்தில் வாங்கிக்கொண்டு, இறக்கையின் தகட்டு இணைப்புக் கோடு வரை பிசகாமல் ஆயிரக்கணக்கான முறை வார்த்துத் தர வேண்டிய எஃகுக் கட்டி அது. அதைக் கடைவதற்கு ஆகும் செலவு பெரிது. அதனால்தான் ஒரே விமானம் வெவ்வேறு படைப்பிரிவுகளின் வண்ணத்திலும் எண்ணிலும் திரும்பத் திரும்ப வருகிறது. போட்ட முதலை மீட்க வேறு வழி கிடையாது. அவ்வளவு செலவில் உருவானதை, கடனை வசூலிக்க வருபவர் பழைய இரும்பாகப் போட மாட்டார். பெரும்பாலும் விற்கவே பார்ப்பார்.

வரலாறும் இதையே காட்டுகிறது. டிங்கி டாய்ஸ் என்ற உலோகப் பொம்மை வாகனங்களையும் விமானங்களையும் தயாரித்த மெக்கானோவின் லிவர்பூல் தொழிற்சாலை 1979 நவம்பரில் மூடப்பட்டது. மேட்ச்பாக்ஸ் பொம்மைக் கார்களைத் தயாரித்த லெஸ்னி நிறுவனம் 1982இல் திவாலானது. இன்னொரு உலோகப் பொம்மைப் பெயரான கோர்கியின் தாய் நிறுவனம் மெட்டாய் 1983இல் வீழ்ந்தது. நான்கு ஆண்டுகளுக்குள் மூன்று பெரும் பெயர்கள் சாய்ந்ததைப் பார்த்த அன்றைய சேகரிப்பாளர்களுக்கு, இந்தப் பொழுதுபோக்கே முடிந்துவிட்டது என்று தோன்றியிருக்கும். ஆனால் மேட்ச்பாக்ஸ் பெயர் கை மாறி மாறி இன்றும் கடைகளில் இருக்கிறது. கோர்கி 1984இல் புதிய நிறுவனமாக எழுந்து, 1989இல் அமெரிக்கப் பொம்மை நிறுவனமான மேட்டலிடம் சென்று, 1995இல் தன் நிர்வாகிகளாலேயே மீட்கப்பட்டு, பிறகு ஜின்டார்ட் என்ற நிறுவனத்தின் வழியாக 2008இல் பிரிட்டனின் மாதிரி ரயில் தயாரிப்பாளரான ஹார்ன்பியிடம் வந்து சேர்ந்தது. நம் அலமாரிகளில் பெருமையோடு நிற்கும் கோர்கியின் 'ஏவியேஷன் ஆர்க்கைவ்' விமானத் தொடர் 1990களின் பிற்பகுதியில் தொடங்கியது. 1983இன் வீழ்ச்சியோடு எல்லாம் முடிந்திருந்தால் அந்தத் தொடரே பிறந்திருக்காது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. அச்சை வாங்கியவர் எந்த விமானத்தை எப்போது வார்ப்பார் என்பது அவர் கணக்கைப் பொறுத்தது. நன்றாக விற்ற ஸ்பிட்ஃபயரும் பாண்டமும் விரைவில் திரும்பும். சிலர் மட்டுமே விரும்பிய கடற்படை ரோந்து விமானம் பத்தாண்டு உறங்கலாம், எழாமலும் போகலாம். அச்சு ஒப்பந்தத் தொழிற்சாலையின் கிடங்கில் இருந்து, நிறுவனம் அதற்குப் பாக்கி வைத்திருந்தால், பாக்கி தீரும்வரை அச்சை வெளியே விட மாட்டோம் என்று தொழிற்சாலை பிடித்துவைக்கவும் கூடும். ஆகவே நிறுவனம் மூடப்பட்டால் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, அச்சுகள் யார் கையில் இருக்கின்றன என்பதே.

கேள்வி: இரண்டு விமானங்களுக்கு முழுத் தொகையும் முன்பணமாகக் கட்டிவிட்டேன். இப்போது என்ன செய்வது?

பணம் யாரிடம் போனது என்று முதலில் பாருங்கள். கடையிடம் கட்டியிருந்தால் உங்களுக்குப் பதில் சொல்ல வேண்டியவர் கடைக்காரர். தயாரிப்பாளர் மூழ்கினாலும் கடை நிற்கும்வரை உங்கள் பணத்தை அங்கேயே கேட்கலாம். தயாரிப்பாளரிடமே நேரடியாகக் கட்டியிருந்தால் நிலைமை கடினம். ஒரு நிறுவனம் திவாலாகும்போது, அடமானம் பெற்றுக் கடன் கொடுத்த வங்கியும் ஊழியர் சம்பளமும் பொதுவாக முன்னால் நிற்கும். பொருளுக்குப் பணம் கட்டிய வாடிக்கையாளர் பிணையில்லாதவர்களின் வரிசையில் கடைசிக்கு அருகே நிற்பார். கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால், பொருள் வரவில்லை என்று கூறி வங்கி மூலமாகப் பணத்தைத் திரும்பக் கோரும் வழி உண்டு. அதற்குக் கெடு இருக்கிறது என்பதால், 'அடுத்த மாதம் வந்துவிடும்' என்ற சமாதானத்தை நம்பிக் கெடுவைத் தவற விடாதீர்கள். ரசீது, ஆர்டர் எண், வாக்களித்த தேதி இருக்கும் கடிதம் எல்லாவற்றையும் இன்றே ஒரு கோப்பில் சேர்த்து வையுங்கள். இனிமேல், நிலைமை தெளியும்வரை, முன்பதிவு மட்டும் செய்து, பொருள் கப்பலேறும்போது பணம் வாங்கும் கடையாகப் பார்த்துக்கொள்வது நல்லது.

கேள்வி: விலை ஏறுவதற்குள் கிடைப்பதையெல்லாம் வாங்கிவிடலாமா?

வேண்டாம். அச்சு கை மாறிப் புதிய வெளியீடு வந்தால் ஏறிய விலை இறங்கிவிடும். கையிருப்பு ஏலத்துக்கு வந்தாலும் இறங்கும். நிறுவனம் நன்றாக இருந்தபோதும் வாங்க நினைத்திருந்த விமானங்களை மட்டும் வாங்குங்கள்.

கேள்வி: என்னிடம் உள்ள பழைய விமானம் ஒன்றின் இறக்கையில் மெல்லிய விரிசல்கள் தெரிகின்றன. தயாரிப்பாளர் நொடித்துப்போகும் காலத்தில் தரத்தைக் குறைத்துவிட்டார்களோ?

விரிசல்கள் சிலந்தி வலைபோல் கிளைத்து, இறக்கை நுனி சற்றுத் தொங்கி, வண்ணப்பூச்சு கொப்புளமாக எழும்பியிருந்தால் அது துத்தநாக நோய். நிறுவனத்தின் பண நெருக்கடிதான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. வார்ப்பில் ஈயம் போன்ற மாசு கலந்ததே காரணம். துத்தநாகத்தோடு அலுமினியம், மெக்னீசியம், செம்பு சேர்ந்த ஜமாக் என்னும் கலவையை நியூ ஜெர்சி ஜிங்க் நிறுவனம் 1929இல் உருவாக்கியது. மிகத் தூய துத்தநாகத்தைப் பயன்படுத்தினால்தான் அது காலத்துக்கு நிற்கும். ஈயம் சிறிதளவு கலந்தாலும், ஆண்டுகள் போகப் போக உலோகத்தின் நுண்ணிய படிக மணிகளுக்கு இடையே அரிப்புப் பரவி, பாகம் வீங்கிப் பிளந்து, தொட்டால் உதிரும் நிலைக்கு வந்துவிடும். இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய டிங்கி விமானங்களில் முழுதாகக் கிடைப்பவை அரிதாக இருப்பதற்கு இதுவே பெரிய காரணம்.

இதற்கு மருந்து இல்லை என்பதை வருத்தத்தோடுதான் சொல்ல வேண்டியிருக்கிறது. ஈரப்பதமும் வெப்பமும் அரிப்பை விரைவுபடுத்தும் என்பதால், உலர்ந்த, வெயில் படாத, வெப்பநிலை அதிகம் மாறாத இடத்தில் வைத்தால் வேகம் குறையும். பக்கத்தில் நிற்கும் விமானங்களுக்குத் தொற்றிவிடும் என்ற அச்சம் பலருக்கு இருக்கிறது. அது தொற்றுவதில்லை, குற்றம் அந்தந்த வார்ப்புக்குள்ளேயே பிறந்தது. விரிசல் எதுவும் இல்லாமல், உடலும் இறக்கையும் சேரும் இடத்தில் மட்டும் நேரான ஒரு கோடு தெரிந்தால், அது இரு பாகங்களின் இணைப்பு. அதற்காகக் கவலைப்பட வேண்டாம்.

கேள்வி: உதிரி பாகம் இனிக் கிடைக்காது என்றால் எப்படிப் பாதுகாப்பது?

பெட்டிக்குள் இருக்கும் ஒளிபுகும் தட்டின் மூலையில் ஒட்டியிருக்கும் சின்னஞ்சிறு பிளாஸ்டிக் பையைத் தேடுங்கள். சக்கரங்களை உள்ளிழுத்த நிலைக்கான மூடிகள், கூடுதல் ஏவுகணைகள், சில சமயம் ஓர் ஆன்டெனா அதற்குள் இருக்கும். பெட்டியோடு அதையும் வீசிவிட்டுப் பிறகு தவிப்பவர்கள் ஏராளம். ஒவ்வொரு பையிலும் எந்த விமானத்துக்குரியது என்று எழுதி ஒரே டப்பாவில் வையுங்கள். உலோகம் பெரும்பாலும் உடைவதில்லை. மூக்கு முனையில் உள்ள பிளாஸ்டிக் ஊசியும் சக்கரக் கால்களும்தான் முறிகின்றன. இரண்டாம் உலகப் போர்க்கால லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானத்தின் 1:72 அளவு மாதிரி ஒன்றின் இறக்கை விரிப்பு 43 சென்டிமீட்டர். அவ்வளவு உலோகத்தையும் மெலிந்த கால்களில் ஆண்டுக்கணக்கில் நிறுத்துவதைவிட, தாங்கியில் பறக்கும் நிலையில் வைப்பது பாதுகாப்பு. இன்னும் முறியாத பாகங்களை, பக்கத்தில் அளவுகோல் வைத்து, நான்கு பக்கமிருந்தும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பின்னால் ஒன்று முறிந்தால், முப்பரிமாண அச்சில் மாற்றுப் பாகம் செய்து தருபவர் கேட்கும் முதல் பொருள் அந்த அளவுதான்.

கேள்வி: ஒரு படைப்பிரிவின் ஆறு விமானங்களில் நான்கு வந்துவிட்டன. மீதி இரண்டுக்கு வேறு நிறுவனத்தின் மாதிரியைச் சேர்க்கலாமா?

சேர்க்கலாம், ஆனால் அளவு ஒன்றாக இருப்பது மட்டும் போதாது. ஒரே சாம்பல் நிறத்தை ஒருவர் நீலம் கலந்தும் இன்னொருவர் பச்சை கலந்தும் பூசுகிறார்கள். பக்கத்தில் வைத்தால் கண்ணை உறுத்தும். தகட்டுக் கோடுகளை ஆழமாகக் கீறும் நிறுவனமும் உண்டு, தொட்டும் தொடாமலும் விடும் நிறுவனமும் உண்டு. வாங்கும் முன் இரண்டையும் பகல் வெளிச்சத்தில் ஒரே கோணத்தில் எடுத்த படமாகக் கேட்டுப் பாருங்கள். என்னைக் கேட்டால், அலமாரியில் அந்த இரண்டு இடங்களையும் இப்போதைக்கு அப்படியே விட்டுவைப்பேன்.