சிங்கப்பூர் மாப்பிள்ளைக்குக் கொடுத்தால் பாதிக்குப் பாதி ஆபத்தா?

கேள்வி: என் மகளுக்கு 29 வயது. இரண்டு வரன்கள் வந்திருக்கின்றன. ஒருவர் இங்கே சிங்கப்பூரிலேயே பிறந்து வளர்ந்தவர், தெம்பனிஸில் இருக்கிறார். இன்னொருவர் கோயம்புத்தூர்க்காரர், தரகர் மூலமாக வந்தது. அந்தத் தரகர் வாட்ஸ்அப்பில் ஒரு பட்டியல் அனுப்பினார். இந்தியாவில் விவாகரத்து 1 விழுக்காடு, போர்ச்சுகலில் 94 விழுக்காடு என்று அதில் இருக்கிறது. “சிங்கப்பூர்ப் பையன் என்றால் பாதிக்குப் பாதி ஆபத்து” என்கிறார். என் வீட்டுக்காரரும் அதையே பிடித்துக்கொண்டார். மகளோ, “அப்படியானால் பிலிப்பீன்ஸ் மாப்பிள்ளை பாருங்கள், அங்கே பூஜ்யம்” என்று கேலி செய்கிறாள். இந்த எண்களைப் பார்த்து முடிவெடுக்கலாமா? (ஈசூன் வாசகி)

பதில்: எடுக்காதீர்கள் அம்மா. உங்கள் மகள் கேலியாகச் சொன்னதில்தான் பாதி பதில் இருக்கிறது. பிலிப்பீன்ஸில் முஸ்லிம்களைத் தவிர மற்றவர்களுக்கு விவாகரத்துச் சட்டமே கிடையாது. சட்டம் இல்லை, அதனால் எண்ணிக்கை பூஜ்யம். அங்கே கணவன் மனைவி பிரியாமலா இருக்கிறார்கள்? பிரிகிறார்கள். பணம் இருப்பவர்கள் திருமணமே செல்லாது என்று நீதிமன்றத்தில் வழக்காடுகிறார்கள். இல்லாதவர்கள் ஆளுக்கொரு திசையில் போய்விடுகிறார்கள். 2024 மே மாதம் கீழவை ஒரு விவாகரத்து மசோதாவை நிறைவேற்றியது, ஆனால் மேலவையைத் தாண்டவில்லை.

சீனாவைப் பாருங்கள். 2020இல் ஆயிரம் பேருக்கு 3.1 விவாகரத்து. அடுத்த ஆண்டே 2.0. ஒரே வருடத்தில் சீனக் கணவர்கள் எல்லாரும் திருந்திவிட்டார்களா என்ன? 2021 ஜனவரி 1 முதல், விண்ணப்பித்தபின் 30 நாள் காத்திருக்க வேண்டும் என்று விதி வந்தது. கதவை இறுக்கினார்கள், வெளியே வருபவர்கள் குறைந்தார்கள், அவ்வளவுதான். ஆஸ்பத்திரி உள்ள ஊரில்தான் நோயாளிகள் கணக்கில் வருவார்கள். ஆஸ்பத்திரியே இல்லாத ஊரை ஆரோக்கியமான ஊர் என்று யாராவது சொல்வார்களா?

இப்போது தரகருடைய 1 விழுக்காட்டுக்கு வருவோம். இந்தியாவில் ஆண்டுக்கு இத்தனை திருமணம், இத்தனை விவாகரத்து என்று நாடு முழுவதற்கும் ஒழுங்கான பதிவு கிடையாது. இருப்பது மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. 2011 கணக்கெடுப்பில் சுமார் 13.6 லட்சம் பேர் தங்களை விவாகரத்தானவர்கள் என்று சொன்னார்கள், அதாவது மணமானவர்களில் 0.24 விழுக்காடு. அதே கணக்கெடுப்பில் ‘பிரிந்து வாழ்கிறோம்’ என்று சொன்னவர்கள் 0.61 விழுக்காடு, ஏறக்குறைய இரண்டரை மடங்கு. தரகர்களின் பட்டியல்களில் இந்த இரண்டாவது எண்ணை நான் பார்த்ததே இல்லை. தவிர, கணக்கெடுப்பவர் வாசலில் வந்து நிற்கும்போது எத்தனை பெண்கள் “அவர் வெளியூரில் வேலையாக இருக்கிறார்” என்று சொல்லியிருப்பார்கள்? விவாகரத்தாகி மறுமணம் செய்துகொண்டவரும் மணமானவர் என்றே பதிவாவார். 2021இல் எடுத்திருக்க வேண்டிய அடுத்த கணக்கெடுப்பையோ 2027க்குத் தள்ளிவிட்டார்கள். எல்லாத் திருமணங்களையும் பதிவு செய்ய வேண்டும் என்று இந்திய உச்ச நீதிமன்றம் 2006இல் சொன்னது, தமிழ்நாடு 2009இல் அதற்குச் சட்டமும் போட்டது. விசா வேலை வந்தால்தான் பதிவைப் பற்றி யோசிக்கும் குடும்பங்கள் இன்றைக்கும் இருக்கின்றன. இந்த லட்சணத்தில் ‘1 விழுக்காடு’ என்று அடித்துச் சொல்வதற்குத் தனித் துணிச்சல் வேண்டும்.

போர்ச்சுகல் கதை இன்னும் வேடிக்கை. அந்த ஆண்டு நடந்த விவாகரத்தை அந்த ஆண்டு நடந்த திருமணத்தால் வகுத்து வந்த எண்கள்தான் அந்தப் பட்டியலில் இருப்பவை. 2019இல் அங்கே 33 ஆயிரம் திருமணங்கள். 2020இல் கொரோனாவால் மண்டபங்களை மூடியதும் அது 19 ஆயிரத்துக்குக் கீழே போனது. விவாகரத்து 17 ஆயிரத்துக்கு மேல். வகுத்தால் 90 விழுக்காட்டைத் தாண்டிவிடும். கல்யாணத்தைத் தள்ளிப் போட்டவர்கள் எல்லாரும் சேர்ந்து உண்டாக்கிய ‘விவாகரத்து’ அது.

சரி, சிங்கப்பூர்? 2024இல் இங்கே பதிவான திருமணங்கள் 26,328. விவாகரத்தும் செல்லாதென்று ரத்தான திருமணங்களும் சேர்த்து 7,382. தரகர் பாணியிலேயே வகுத்தாலும் 28 விழுக்காடுதான், பாதி எங்கிருந்து வந்தது? ‘இரண்டுக்கு ஒன்று’ என்பது பல காலமாக அமெரிக்காவைப் பற்றிப் பேசப்படும் பேச்சு. அந்தக் கணக்கிலும் ஓட்டை உண்டு. கலிஃபோர்னியா போன்ற பெரிய மாநிலமே விவாகரத்து எண்ணிக்கையை மத்தியக் கணக்குக்குக் கொடுப்பதில்லை.

அந்த 28ஐயும் நம்ப வேண்டாம். 2024இல் விவாகரத்து வாங்கியவர்களில் பெரும்பாலோர் அந்த ஆண்டு மணந்தவர்கள் அல்ல, பல ஆண்டுகளுக்கு முன்பு மணந்தவர்கள். கல்யாணம் குறைந்தாலே விகிதம் ஏறிவிடும். இதையெல்லாம்விட முக்கியமான கோளாறு ஒன்று இருக்கிறது, தலைப்புச் செய்தி எழுதுபவர்களுக்கும் தெரிவதில்லை. மேலே சொன்ன திருமண எண்ணிக்கையில் சிங்கப்பூரில் பதிவானவை மட்டுமே அடங்கும். விவாகரத்து எண்ணிக்கையில் எந்த ஊரில் நடந்த திருமணமானாலும், இங்கே முறிந்தால் சேரும். திருச்சியிலோ கோவையிலோ தாலி கட்டிக்கொண்டு வந்து இங்கே குடியிருந்து, ஒத்துவராமல் இங்கே வழக்குப் போடுபவர்கள் நிறைய. அவர்களின் கல்யாணம் நம் கணக்கில் இல்லை, முறிவு மட்டும் நம் கணக்கில் ஏறுகிறது. உங்கள் மகள் கோவை வரனை ஊரில் மணந்து, கடவுள் புண்ணியத்தில் அப்படி எதுவும் நடக்காமல் இருக்கட்டும், நடந்துவிட்டால், அந்த விவாகரத்து சிங்கப்பூர்ப் பட்டியலில் ஏறும். தரகருடைய இந்திய எண் கறை படாமல் அப்படியே இருக்கும்.

உருப்படியான கணக்கு எது என்றால், ஒரே ஆண்டில் மணந்தவர்களைத் தொடர்ந்து பார்ப்பது. இங்கே 1987இல் மணந்தவர்களில் 8.7 விழுக்காட்டினர் பத்து ஆண்டுக்குள் பிரிந்தார்கள். 2003இல் மணந்தவர்களில் 16.1 விழுக்காட்டினர். கூடியிருக்கிறது, மறுக்கவில்லை. ஆனாலும் பத்து ஆண்டு கழித்து ஆறில் ஐந்து ஜோடி சேர்ந்தே இருக்கிறது. இந்தியா முழுவதற்கும் இப்படி ஆண்டுவாரியாகத் தொடர்ந்து எண்ணுவதற்குப் பதிவே இல்லை. இல்லாத எண்ணோடு இருக்கிற எண்ணை எப்படி ஒப்பிடுவது?

நம் வீடுகளில் இன்னொன்று நடக்கிறது, அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியே ஆக வேண்டும். இங்குள்ள பிள்ளைகள் முதலில் ‘ஆர்ஓஎம்’, அதாவது சட்டப்படியான பதிவுத் திருமணம், செய்துகொள்கிறார்கள். மண்டபம் கிடைத்து, முன்பதிவு செய்த பிடிஓ அரசு அடுக்குமாடி வீட்டின் சாவி வந்து, நல்ல நாள் பார்த்துத் தாலி கட்டுவதற்கு ஒரு வருடமோ இரண்டு வருடமோ ஆகிறது. அதுவரை அவரவர் வீட்டில்தான் இருக்கிறார்கள். பெற்றோரும் அதை நிச்சயதார்த்தம் மாதிரியே நினைக்கிறார்கள். சட்டம் அப்படி நினைப்பதில்லை. பதிவதிகாரி முன்னால் உறுதிமொழி சொல்லிக் கையெழுத்துப் போட்ட நாளிலிருந்தே அவர்கள் கணவன் மனைவி. இடையில் மனம் மாறினால் விவாகரத்து, அல்லது திருமணத்தைச் செல்லாததாக்கும் வழக்கு. இரண்டும் அந்த 7,382 போன்ற எண்ணிக்கையில்தான் போய்ச் சேரும். இதே ஜோடி தமிழ்நாட்டில் இருந்திருந்தால் “நிச்சயம் நின்றுபோச்சு” என்று முடிந்திருக்கும், எந்த அரசாங்க ஏட்டிலும் ஏறியிருக்காது.

சிரமம் எண்ணோடு முடிவதில்லை. இங்கே மணமாகி மூன்று ஆண்டுக்குள் பொதுவாக விவாகரத்து மனு போட முடியாது. சேர்ந்து வாழவே இல்லை என்றால் செல்லாததாக்கும் வழக்குக்கு இந்த மூன்று ஆண்டுத் தடை இல்லை, ஆனால் தாம்பத்தியம் நடக்கவில்லை என்பதையும் அதற்கு யார் காரணம் என்பதையும் நீதிமன்றத்தில் சொல்ல வேண்டும். இருபத்தைந்து வயதுப் பெண் அதை எழுதிக் கையெழுத்துப் போடும்போது வீட்டில் எல்லாருக்கும் முகம் செத்துப்போகும். பதிவு செய்த வீட்டையும் விட நேரலாம். ஆகவே தெம்பனிஸ் பையனையே முடிவு செய்தீர்கள் என்றால், வீட்டுக்காக அவசரப்பட்டு ஆர்ஓஎம் வைக்காதீர்கள். வருங்கால மணமக்கள் என்ற முறையிலேயே வீட்டுக்கு விண்ணப்பிக்கலாம், திருமணச் சான்றிதழைச் சாவி வாங்கிய பிறகு மூன்று மாதத்துக்குள் காட்டினால் போதும். இதை ஏன் யாரும் முன்கூட்டியே எடுத்துச் சொல்வதில்லை என்பது எனக்கு விளங்காத விஷயம். முஸ்லிம் குடும்பங்களுக்கு வழி வேறு, ஷரியா நீதிமன்றம் வேறு, அதை இங்கே விடுகிறேன்.

தரகர்கள் விஷயத்துக்கு வருகிறேன். மாப்பிள்ளைக்கு ஏற்கெனவே ஒரு கல்யாணம் ஆகியிருந்தால் சிலர் எப்படிச் சொல்வார்கள் தெரியுமா? “எல்லாம் முடிஞ்சிடுச்சும்மா, பேப்பர் வரவேண்டியதுதான் பாக்கி.” அந்தப் பேப்பர்தான் விவாகரத்து! இந்து திருமணச் சட்டப்படி இருவரும் சம்மதித்து மனுப் போட்டாலும், சாதாரணமாக ஆறு மாதம் கழித்து இரண்டாம் முறை நீதிமன்றத்தில் வந்து உறுதி செய்ய வேண்டும். முதல் முறை கையெழுத்துப் போட்டதுமே தரகர் ‘முடிந்தது’ என்று வரன் பட்டியலில் சேர்த்துவிடுவார். தீர்ப்பாணை கையில் இல்லாதவர் இன்னும் இன்னொருத்தியின் கணவர். நீதிமன்ற முத்திரையோடு சான்றிட்ட நகல் வேண்டும் என்று கேளுங்கள், கைப்பேசியில் எடுத்த படம் போதாது. உள்ளூர் வரனுக்கும் இதே விதிதான். இங்கே இடைக்காலத் தீர்ப்பு வந்தபின் சாதாரணமாக மூன்று மாதம் கழித்துத்தான் இறுதித் தீர்ப்பு. இடைக்காலத் தீர்ப்பைக் காட்டி மறுமணம் பேச வருபவர்கள் உண்டு. அவர்களிடம் “இறுதித் தீர்ப்பு எங்கே” என்று கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை.

“இந்தியாவில் முப்பது நாளில் விவாகரத்து வாங்கித் தருகிறேன், நீங்கள் போகவே வேண்டாம்” என்று இங்கே தேக்கா வட்டாரத்தில் உட்கார்ந்து சொல்லும் ஏஜென்டுகளிடம் தப்பித் தவறியும் போக வேண்டாம். இருவரும் இங்கேயே குடியிருக்கும்போது மறுதரப்புக்கு முறையாகத் தெரிவிக்காமல் அங்கே வாங்கிய ஆணை இங்கே செல்லாமல் போகலாம். அதை நம்பி இரண்டாம் கல்யாணம் செய்துகொண்டால், அந்தக் கல்யாணம்தான் முதலில் கவிழும்.

அப்புறம் பாஸ், அதாவது மாப்பிள்ளை இங்கே தங்குவதற்கான அனுமதி. “சிங்கப்பூர்ப் பெண்ணைக் கட்டினால் பிஆர், அதான் நிரந்தரவாசம், தானாக வந்துவிடும்” என்று மாப்பிள்ளை வீட்டாரிடம் தரகர் சொல்லியிருப்பார். தானாக எதுவும் வராது. மாப்பிள்ளை இங்கே வேலை அனுமதிச் சீட்டில் இருக்கிறார் அல்லது முன்பு இருந்தார் என்றால், சிங்கப்பூரரை மணக்க முதலில் மனிதவள அமைச்சின் ஒப்புதல் வேண்டும். அவர் நீண்டகால வருகை அட்டை கேட்கப் போகிறார் என்றால், கல்யாணத்துக்கு முன்பே குடிநுழைவு ஆணையத்திடம் மதிப்பீடு கேட்கும் வசதி 2015 முதல் இருக்கிறது. ஏன் வற்புறுத்துகிறேன் என்றால், அந்த அட்டை உங்கள் மகளின் ஆதரவுக் கையெழுத்தில் தொங்கும். குடும்பம் உடைந்தால் போக வேண்டியது யார் என்பது இருவருக்கும் முதல் நாளே தெரியும். அந்தப் பயத்தில் எத்தனையோ பேர் ஒரே வீட்டில் பேசாமல் வாழ்கிறார்கள். அவர்கள் எந்த நாட்டு விவாகரத்துக் கணக்கிலும் வருவதில்லை. புள்ளிவிவரத்தில் வெற்றிகரமான திருமணங்கள்! குடும்பம் வேண்டும், பிள்ளை வேண்டும் என்று மேடைதோறும் பேசுகிறோம், வெளிநாட்டுத் துணையை வருடக்கணக்கில் புதுப்பிப்புப் படிவத்திலேயே வைத்திருக்கிறோம்.

ஒரு ஆறுதல். ஊரில் கல்யாணம் செய்தாலும் உங்கள் மகளுக்கு இங்குள்ள குடும்ப நீதிமன்றத்தின் கதவு மூடாது. மகள் சிங்கப்பூரையே நிரந்தர வசிப்பிடமாகக் கொண்டவர் என்றால் இங்குள்ள திருமணச் சட்டமான மாதர் சாசனத்தின்படி இங்கேயே வழக்குப் போடலாம். 2024 ஜூலை 1 முதல் ஒருவர்மேல் ஒருவர் பழி சொல்லாமல் இருவரும் ஒத்துக்கொண்டு பிரியவும் வழி வந்திருக்கிறது. அடுத்த சில ஆண்டுகளில் எண்ணிக்கை ஏறினால், சிங்கப்பூர்ப் பையன்கள் கெட்டுப்போனதாகத் தரகர்கள் இதையும் ஒரு பட்டியலாக்குவார்கள், பாருங்கள்.

இந்த வாரம் நீங்கள் செய்ய வேண்டியது இரண்டு. தெம்பனிஸ் வரனுக்கு முன்பு இங்கே திருமணம் பதிவாகியிருக்கிறதா என்று திருமணப் பதிவகத்தில் கட்டணம் கட்டித் தேடிப் பார்க்கச் சொல்லுங்கள். கோவை வரனுக்கு அப்படி ஒரே இடத்தில் தேட ஏடு கிடையாது, அதனால் அவர் படித்த இடம், வேலை பார்த்த இடம், முன்பு குடியிருந்த தெரு என்று சொந்தக்காரர்களை வைத்து நேரில் விசாரியுங்கள், தரகர் கொடுக்கும் ஆளை வைத்து அல்ல. கல்யாணம் ஊரில் என்று முடிவானால், தமிழ்நாட்டுச் சட்டப்படி 90 நாளுக்குள் அங்கேயே பதிவு செய்து, சான்றிட்ட நகல் இரண்டு வாங்கிக்கொள்ளுங்கள். இங்கே வந்து மறுபடி ஆர்ஓஎம் செய்துகொள்ளலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அங்கே முறையாக நடந்த திருமணத்தை இங்கே இரண்டாம் முறை பதிவு செய்ய மாட்டார்கள். அந்தச் சான்றிதழே இங்கும் செல்லும்.