‘ஆள்’ என்ற வினைச்சொல்லும் உங்கள் மகளின் மேற்படிப்பும்

அன்பிற்குரிய ஐயாவுக்கும் அம்மாவுக்கும்,

சிங்கப்பூரில் தொடக்கக்கல்லூரியில் (பல்கலைக்கழகத்துக்கு முந்தைய கல்லூரி) பயிலும் உங்கள் மகள் மொழிபெயர்ப்புத் துறையை விரும்புவதையும், அவளை மருத்துவம் படிக்க வைக்காவிட்டால் உறவினர் முன் தலைகாட்ட முடியாது என்று நீங்கள் கலங்குவதையும் பொறுமையாகக் கேட்டேன். கலக்கம் புரிகிறது. ஆனால், வெளிநாட்டு மருத்துவப் படிப்புக்காக ஐந்தறை வீட்டை விற்று மூவறை வீட்டுக்கு மாறும் திட்டத்தை நான் ஆதரிக்க மாட்டேன். கட்டணம் கட்டப்போவது அவளுடைய பெரியப்பா அல்லர். இரவெல்லாம் விழித்துப் படிக்கப்போவதும் அவர் அல்லர்.

அவள் என்னிடம் காட்டிய குறிப்பேட்டில் ஒரு பக்கம் முழுவதும் ‘ஆள்’ என்ற ஒரே வினைச்சொல்தான் இருந்தது. அரசன் நாட்டை ஆள்கிறான், தச்சர் உளியைக் கையாள்கிறார், எழுத்தாளர் பழமொழியை எடுத்தாள்கிறார், இறைவன் அடியாரை ஆட்கொள்கிறான். அருகிலேயே, ‘கூட்டத்தைக் கட்டுப்படுத்தலாம், சினத்தை அடக்கலாம், நிறுவனத்தை நிர்வகிக்கலாம், இயந்திரத்தை இயக்கலாம், இவற்றை இடம் மாற்றினால் பொருள் கெடும்’ என்று எழுதியிருக்கிறாள். திருக்குறளின் 62ஆம் அதிகாரமான ‘ஆள்வினையுடைமை’யில் ஆள்வினை என்பது முயற்சியைக் குறிப்பதையும் சிவப்பு மையில் குறித்திருக்கிறாள். பாடத்திட்டம் கேட்காத வேலை இது. யாரும் சொல்லாமல் செய்திருக்கிறாள்.

தமிழ் படித்தவர்களுக்கு உள்ள வேலைகளில் ஆசிரியப் பணியை நீங்களே அறிவீர்கள். நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர் பணியை யாரும் உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். தமிழ் இங்கு அதிகாரத்துவ மொழி, அதாவது ஆட்சிமொழிகளுள் ஒன்று. ஆனால் வழக்கு விசாரணை ஆங்கிலத்தில் நடைபெறுகிறது. ஆங்கிலம் தெரியாத ஒருவருக்கும் நீதிபதிக்கும் இடையே நிற்பவர் மொழிபெயர்ப்பாளர் ஒருவரே. ஒரு பை அவர் ‘கையில் இருந்தது’, ‘வசம் இருந்தது’, ‘கட்டுப்பாட்டில் இருந்தது’ என்பன மூன்று வேறு செய்திகள். 15 கிராமுக்கு மேல் தூய ஹெராயின் கடத்துவோருக்கு மரண தண்டனை உள்ள நாட்டில், அந்த வேறுபாட்டை நொடிப்பொழுதில் உணர்ந்து சொல்ல வேண்டியவர் அவர். நாடாளுமன்றத்திலும் உறுப்பினர்கள் தமிழில் பேசலாம். அவ்வுரையை உடனுக்குடன் மொழிபெயர்க்க ஆள் வேண்டும். (அந்த மன்றத்தின் பெயரிலேயே அவளுடைய வினைச்சொல் இருக்கிறது.)

தமிழ் மட்டும் போதாது. அவளுடைய ஆங்கிலமும் அதே அளவு கூர்மை பெற வேண்டும் என்பதை அவளிடமும் கண்டிப்பாகச் சொன்னேன். மேல்நிலைத் தேர்வுக்குத் தமிழ்மொழியும் இலக்கியமும் எடுக்கட்டும். பிறகு சிங்கப்பூர் சமூக அறிவியல் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பட்டப்படிப்பு இருக்கிறது. அதற்காக நீங்கள் வீட்டை விற்க வேண்டியதில்லை.

ஜூன் விடுமுறையில் ஒரு காலைப்பொழுதை ஒதுக்கி, அவளை அரசு நீதிமன்றங்களுக்கு அழைத்துச் செல்லுங்கள். பொதுமக்கள் அனுமதிக்கப்படும் விசாரணை ஒன்றில் மூவரும் அமர்ந்து, மொழிபெயர்ப்பாளரைக் கவனியுங்கள். அதன்பின் அடுத்த சந்திப்புக்கு வாருங்கள். பெரியப்பா வர விரும்பினால் அவரையும் அழைத்து வாருங்கள்.